சந்துக்குள் நுழையாத கார்

டி.வி.யில் எந்த கார் விளம்பரத்தை வேண்டுமானாலும் பாருங்கள். மலைப்பாதை, மழையில் நனைந்த தார் ரோடு, முன்னாலும் பின்னாலும் வேறு வண்டியே கிடையாது. கணவன் ஓட்டுகிறார். மனைவி சிரிக்கிறார். கூரையைத் திறந்துகொண்டு குழந்தை தலையை வெளியே நீட்டுகிறது. (தயவுசெய்து உங்கள் குழந்தையை அப்படி நிற்க விடாதீர்கள்.) பாட்டி இருக்கமாட்டார். தப்பித்தவறி இருந்தாலும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். எப்படி ஏறினார் என்பதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

விளம்பரம் அப்படித்தான், விற்பது அவர்கள் பிழைப்பு. என் வருத்தமெல்லாம் கார் விமர்சனம் எழுதுகிற, பேசுகிற நம்ம ஆட்கள் மீதுதான். 'ஃபேமிலி கார்' என்று தலைப்புப் போடுகிறார்கள். கம்பெனி கொடுத்த புது வண்டியை ஈ.சி.ஆரில் ஒரு விரட்டு விரட்டுகிறார்கள். நூறைத் தொட எத்தனை விநாடி, டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம், ராத்திரியில் டாஷ்போர்டு எத்தனை கலரில் மினுக்கும்... எல்லாம் வந்துவிடும். பின் கதவு எவ்வளவு அகலம் திறக்கும், ஸீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம், நாலு வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்? ம்ஹும். சினிமா விமர்சகராவது படம் முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் இரண்டு நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள். ஏழு வருஷம் தவணை கட்டப்போவது நீங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான். திருவல்லிக்கேணியில் பழைய வீடு. சித்திக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். "அம்மாவை இனிமே ஆட்டோல குலுக்கி எடுத்துட்டுப் போகக் கூடாதுண்ணா" என்று 2024-ல் கார் வாங்கக் கிளம்பினான். நல்ல பிள்ளை. ஒன்றுக்கு இருபது வீடியோ பார்த்தான். பளபளவென்று புத்தம்புது எஸ்.யூ.வி. வந்து இறங்கியது. சன்ரூஃப் உண்டு.

வீட்டுச் சந்தின் முனையில் ஒரு கரண்ட் பெட்டி இருக்கிறது. கார் அதைத் தாண்டி உள்ளே வரவில்லை. பக்கத்துத் தெருவில் மாத வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தியிருக்கிறான். சந்து முனைவரை சித்தி மெதுவாக நடந்து வந்துவிட்டாலும், ஸீட் அவர் இடுப்புக்கு மேலே இருக்கிறது. ஒரு ஆள் தூக்கிவிட வேண்டும். அதற்குள் பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்துவிடுவார். டயாலிஸிஸ் முடிந்து துவண்டு திரும்பும்போது கேட்கவே வேண்டாம். ஆக, சித்தி இன்றைக்கும் ஆட்டோவில்தான் போகிறார். ஆட்டோ வாசல்வரை வருகிறது. கார் கவர் போட்டுக்கொண்டு தூங்குகிறது.

நான் பி.காம். காரைவிட அதன் கொட்டேஷன்தான் எனக்கு சுவாரஸ்யமான வாசிப்பு. தம்பியுடையதை வாங்கிப் பார்த்தேன். சன்ரூஃப் இல்லாத மாடலுக்கு ஷோரூம் விலை 9.70 லட்சம், இருப்பதற்கு 10.40 லட்சம். "எழுபதாயிரம்தான் சார் வித்தியாசம்" என்றிருக்கிறான் ஷோரூம் பையன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த ஆயுள்கால வரி, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. முதல் மாடலுக்கு வரி 1,26,100. இரண்டாவதற்கு 1,87,200. கூரையில் ஓட்டை போட்ட வகையில் வரி மட்டுமே 61,100 ரூபாய் கூடுதல்! சென்னை வெயிலில் அந்த ஓட்டையை எந்த மாசம் திறப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். முறைத்தான்.

கடன் பத்து லட்சம், 9 சதவீத வட்டி, 84 மாதம். தவணை சுமார் 16,090 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது பதிமூன்றரை லட்சம். "மாசம் பதினாறாயிரம்தானே" என்கிறார்களே, அந்தத் 'தானே'வின் விலை மூன்றரை லட்சம்.

புதுசா, பழசா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் காட்டுவது இன்னொரு கணக்கை. இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போக வழக்கமாக ஒரு தேய்மான அட்டவணை உண்டு. வண்டிக்கு ஒரு வயது ஆவதற்குள் 15 சதவீதம் போய்விடும். இரண்டாவது வருஷத்தில் 20, மூன்றாவதில் 30, நாலாவதில் 40, ஐந்தாவதில் 50. சந்தை விலை அச்சடித்தாற்போல் இப்படியே நடக்காது, பெயரெடுத்த சின்ன வண்டிகள் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் திசை இதுதான். ஷோரூம் விலைக்கு மேல் கட்டிய ஆயுள்கால வரியை நீங்கள் விற்கும்போது யாரும் தனியாகத் தரமாட்டார்கள். அதே மாநிலத்தில் கைமாறினால் வாங்குகிறவர் மறுபடி கட்டவும் வேண்டாம். மூன்று வயது வண்டியை வாங்குகிறவர் இந்த நஷ்டத்தையெல்லாம் இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டு வருகிறார் என்று அர்த்தம்.

அதனால் என் ஓட்டு பழசுக்கு. நகரத்துக்குள் ஆஸ்பத்திரி, ஸ்கூல், மார்க்கெட், கல்யாண மண்டபம் என்று ஓடி, மற்ற நேரமெல்லாம் நிற்கப்போகிற வண்டி. எப்படியும் இரண்டாவது வாரம் பம்பரில் கோடு விழும். முதல் கோட்டை இன்னொருவர் போட்டுக் கொடுத்திருந்தால் நமக்கு நெஞ்சுவலி மிச்சம். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவரா, பத்து வருஷம் விற்கவே மாட்டீர்களா? அப்படியென்றால் சின்னதாகப் புதுசே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பழைய காரை விற்கிறவர், தான் கொடுத்த பழைய விலையிலிருந்து கழித்துக்கொண்டு வருவார். நீங்கள் அதே மாடலின் இன்றைய புது விலையிலிருந்து கழிக்க ஆரம்பியுங்கள். பேரத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ரொம்பப் பழசும் வேண்டாம். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். முன் ஸீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பது எல்லா கார்களுக்கும் 2022-ல்தான் முழுமையாக வந்தது. அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், குடும்பத்தோடு போக நான் வாங்கமாட்டேன்.

பழைய கார் விற்கிறவர்களுக்கும் ஒரு விளம்பர மொழி உண்டு. "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி." நான் பார்த்த வண்டிகளில் பாதி டாக்டர் ஓட்டினதாகத்தான் இருக்கிறது. நம் டாக்டர்கள் எப்போதுதான் வைத்தியம் பார்க்கிறார்களோ! காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்னால் போங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவர் கேட்கிற பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஓடின கிலோமீட்டரை மீட்டரில் பார்த்தால் போதாது, சர்வீஸ் ரெக்கார்டில் பாருங்கள். கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வண்டி நசுங்கினால் ரிப்பேர் செலவு உங்களுடையது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் முங்கின கார்கள் எல்லாம் எங்கே போயின? கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, யாராவது ஒருவரிடம் விற்கப்பட்டவையும் அதில் உண்டு. ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள், நனைந்த வண்டியென்றால் அடியில் சேற்றுக் கோடு காட்டிக்கொடுக்கும். ஸ்டெப்னி இருக்கிற பள்ளத்தையும், ஸீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளையும் பாருங்கள், துரு பொய் சொல்லாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஞாபகமிருக்கிறதா? எந்த கார் விமர்சகரும் எழுதாத விமர்சனம் அது.

சரி, எந்த உருவத்தில் வாங்குவது? 1998-ல் சான்ட்ரோ வந்தபோது டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரித்தோம். அடுத்த வருஷம் வேகன் ஆர். அதற்கும் அதே சிரிப்பு. ஆனால் கூரை உயரம். அதனால் ஸீட்டை நாற்காலி உயரத்தில் வைக்க முடிந்தது. குனிந்து விழவும் வேண்டாம், எம்பி ஏறவும் வேண்டாம். உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் முடிந்தது விஷயம். முட்டிவலிக்காரர்கள் அந்த டப்பாவின் அருமையை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் பானெட் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊருக்குப் போக, குலதெய்வம் கோயிலுக்குப் போக பெரிய வண்டி வேண்டாமா என்பீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை. வாடகைக்கு எடுங்கள், டிரைவரோடு. மிச்சம் முந்நூற்று அறுபது நாள் நீங்கள் இருக்கப்போவது உங்கள் தெருவில்.

போன வாரம் தையல் டேப்போடு திருவல்லிக்கேணி போனேன். கரண்ட் பெட்டிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே அளந்தேன். 193 சென்டிமீட்டர். இன்றைய வேகன் ஆரின் அகலம் 162, தம்பி காரின் அகலம் 179, இரண்டுமே பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல். கண்ணாடியை மடக்கிக்கொண்டு போனாலும் தம்பி காருக்குப் பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் மிச்சம். முதல் மாதமே இடது பக்கக் கதவைத் தேய்த்துக்கொண்டு பின்வாங்கியிருக்கிறான். சொல்லவே இல்லை, அளக்கும்போதுதான் பெட்டியின் ஓரத்தில் கார் பெயின்ட் தெரிந்தது. இன்னும் பாக்கி எத்தனை தவணை என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் வாசல் படியிலிருந்து சித்தி குரல் கொடுத்தார். "அளந்தது போதும், டேப்பைச் சுருட்டிட்டு ஓரமா நில்லுப்பா. ஆட்டோ உள்ளே வரணும்."