பிழைப்பு பதித்த தடங்கள்: சென்னை ஓவியர்களின் தூண்டுதல்கள் குறித்து

சென்னையில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளின் கையேடுகளைப் புரட்டினால் ஓவியரின் தூண்டுதல் பற்றி ஒரு பத்தி தவறாமல் இருக்கும். கோயில் சிற்பம், கோலம், கூத்து, சங்கப் பாடல், பிறந்த ஊரின் ஆறு என்று பெரும்பாலும் ஒரே பட்டியல். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் கோயிலும் கோலமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கையில், ஒருவர் கறுப்பு மைக்கோட்டில் நிலைத்தார். ஒருவர் செப்புத் தகட்டுக்குப் போனார். இன்னொருவர் உருவத்தையே கைவிட்டார். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. கடந்த அறுபது ஆண்டுச் சென்னை ஓவியத்தை ஓவியர்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால், கையேடுகள் அதிகம் பேசாத ஓர் ஊற்று தட்டுப்படுகிறது. வயிற்றுப்பாட்டுக்காக அவர்கள் பார்த்த வேலையே அது. மெழுகு, சாயம், அச்சகம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் பழகிய கை, கித்தான் முன்னாலும் அதே பழக்கத்தோடு நின்றது.

பள்ளியின் பிறவிக்குணம்

சென்னைக் கலைப் பள்ளி தொடங்கியதே கைத்தொழிலுக்காகத்தான். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதை நிறுவினார். மட்பாண்டம், மரவேலை, உலோக வேலை போன்றவற்றுக்கு நல்ல வடிவமைப்பாளர்களை உருவாக்குவதே ஆரம்ப நோக்கம். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகே ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். 1957-இல் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அதற்கு முன்பே, 1944-இல், பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

அன்றைய இளம் ஓவியர்களை அரித்த கேள்வி எளிமையானது: பாரிஸைப் பார்த்து வரைவதா, பழையதைத் திருப்பி வரைவதா? வங்காள பாணியின் மென்மை அலுத்துப்போயிருந்தது. ஐரோப்பிய நவீனம் கவர்ந்தாலும் அது இரவல் சொத்து. 1954-இல் ஐரோப்பா போய்வந்த பணிக்கருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. விடை கிடைக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், அட்டவணைக் கோடுகள், மலையாள எழுத்தை ஒத்த ஆனால் படிக்க இயலாத வரிகள் எல்லாம் ஒரே தளத்தில் நெருக்கியடித்து நின்றன. பொருளை உதறிவிட்டுத் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்ட எழுத்து அது.

தாந்திரிகம், மரபு என்றெல்லாம் இந்த வரிசைக்கு நிறைய விளக்கங்கள் வந்துவிட்டன. அவற்றோடு பணிக்கரின் வாழ்க்கையிலிருந்து ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்ளலாம். கோவையில் பிறந்து (1911) கேரளக் கால்வாய்க் கரைகளை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த அந்த இளைஞர், குடும்பத்தைக் காப்பாற்றப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் தந்திக் கருவியை இயக்குபவராக வேலை பார்த்திருக்கிறார். கலைப் பள்ளியில் சேர்ந்தது அதற்குப் பிறகு. அடுத்தவர் செய்தியைக் குறிகளாக மட்டும் கேட்டு, குறிகளாக மட்டும் அனுப்பும் தொழில் அது. அங்கிருந்துதான் இந்தக் கித்தான்கள் வந்தன என்று யாராலும் நிறுவ முடியாது. ஆனாலும் எழுத்தைப் பொருளிலிருந்து பிரித்துப் பார்க்கும் பயிற்சி அவருக்கு இருபது வயதுக்கு முன்பே வாய்த்திருந்தது என்பது கவனத்துக்குரியது.

மெழுகு கொடுத்த நிலம்

கலைப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களுக்கு அறுபதுகளில் ஓவியம் விற்று வாழும் வழி இல்லை. காட்சிக்கூடங்களும் குறைவு, வாங்குவோரும் குறைவு. பணிக்கரின் மாணவர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துப் பாத்திக் துணிகள், தோல் பொருள்கள், மட்கலங்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் சேமித்த பணமே 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலமாயிற்று. சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்த கதை இது. அரசு மானியமோ புரவலரோ இல்லாமல், ஓவியர்களே கட்டி ஓவியர்களே நடத்திய குடியிருப்பு.

பாத்திக்கில் முதலில் மெழுகால் கோட்டை இழுத்துக்கொண்டு, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏற்ற வேண்டும். உருவத்துக்கும் பின்னணிக்கும் இடையே கோடு வரப்பாக நிற்கும். ஆழம் காட்டுவது கடினம். எல்லாம் ஒரே தளத்தில் விரியும். இந்தச் சென்னை ஓவிய இயக்கத்தின் முத்திரை என்று விமர்சகர்கள் சொல்லும் கோட்டின் முதன்மை, தட்டையான தளம், அலங்கார நெருக்கம் மூன்றும் பாத்திக்கின் இயல்புகளே. இந்த மண்ணில் கோட்டுக்கு முன்னரே மரபு உண்டு என்பது உண்மை. ஆயினும் அந்த மரபை நாள்தோறும் விரலுக்கு நினைவூட்டிய பட்டறையை மறந்துவிட்டு மரபை மட்டும் பேசுவது பாதிக் கதை.

உலோகத்திலும் இதே கதைதான். செம்பையும் பித்தளையையும் தட்டியும் ஒட்டியும் புடைப்பு ஓவியங்கள் செய்வது சோழமண்டலத்தின் தனி அடையாளமாயிற்று. எஸ். நந்தகோபால் அதைச் சிற்பமாக வளர்த்தார், எம். சேனாதிபதி ஓவியத்துக்கு இணையாக நடத்தினார். மைசூரில் பிறந்த எஸ்.ஜி. வாசுதேவின் மரங்கள் கித்தானிலும் வளர்ந்தன, செப்புத் தகட்டிலும் வளர்ந்தன. அந்த மரத்துக்குக் கற்பக விருட்சம் என்று புராண மூலம் சொல்லலாம். தகட்டைத் தட்டித் தட்டி இலை இலையாக எழுப்பும் முறைக்கு மூலம் பட்டறையில் இருக்கிறது.

சாயமும் அச்சும்

சென்னையில் ஓவியர்களுக்குச் சோறு போட்ட இன்னோர் இடம் நெசவாளர் சேவை மையம். கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் தர மத்திய அரசு ஐம்பதுகளில் தொடங்கிய அமைப்பு இது. கே.எம். ஆதிமூலமும் வீர சந்தானமும் அங்கே பணியாற்றியவர்கள்.

துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம் சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலில் கலைப் பள்ளிக்கு வந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், நகையும் மீசையுமாக நொறுங்கிக்கொண்டிருக்கும் மகாராஜாக்களும் அவருக்குப் பெயர் தந்தன. தமிழ் வாசகர்கள் பலருக்கு நவீன ஓவியம் அறிமுகமானது அவர் வழியாகத்தான். கசடதபற போன்ற சிறுபத்திரிகைகளிலும், பிறகு கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளோடு ஜூனியர் விகடனிலும் அவருடைய கோடு வந்தது. அன்றைய சிறுபத்திரிகை அச்சில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே துல்லியமாக விழும். சாம்பல் நிறச் சாயல்கள் கலங்கிப்போகும். ஒற்றைக் கோட்டுக்குள்ளேயே எடையையும் நிழலையும் கொண்டுவரும் ஆதிமூலத்தின் திறன் அந்த அச்சுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எழுத்தாளர்களின் நட்பும் அவருக்குப் பெரிய ஊற்று. பிறகு எண்ணெய் வண்ணத்துக்குப் போனபோது உருவம் முழுக்க நீங்கி, வண்ணம் பட்டை பட்டையாகத் தளத்தில் படிந்தது. நிலமும் நீரும் வானமும்தான் அவை என்று வாசிப்பது வழக்கம். சாயம் துணியில் ஊறுவதை வருடக்கணக்கில் பார்த்த கண்ணும் அதில் இருக்கிறது என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன் கோயில் ஊரில் பிறந்த வீர சந்தானம் (1947–2017) தோல்பாவைக் கூத்திலிருந்து எடுத்துக்கொண்டவர். பாவையின் பக்கவாட்டு முகம், பெரிய கண், உடலெங்கும் துளைப்புள்ளிகள் ஆகியவை அவர் ஓவியத்தில் நகலாக நிற்காமல் இலக்கணமாகவே மாறின. ஈழத் துயரம் அந்த இலக்கணத்துக்குப் பொருளாயிற்று. தஞ்சை விளாரில் எழுந்த நினைவிடமான முள்ளிவாய்க்கால் முற்றத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது அச்சு ஊடகத்திலும் திரையிலும் அசைவூட்டத்திலும் உழைத்தவர். ‘வாளோர் ஆடும் அமலை’ நூலில் அவர் வரைந்த பண்டைத் தமிழ் அரசர்கள், நாடக மேடையும் நாட்காட்டியும் நமக்குப் பழக்கிய ஜரிகை மன்னர்களிடமிருந்து விலகியவர்கள். உடல் முறுக்கேறி, அடுத்த கணம் நகரப்போகும் நிலையில் நிற்பவர்கள். அசைவைச் சட்டம் சட்டமாகப் பிரித்துப் பார்த்த தொழில் இங்கே கண்கூடு.

அடங்காதவர்கள்

எல்லாரையும் இந்த ஒரே சட்டகத்துக்குள் அடைக்க முடியாது. முதலில் நினைவுக்கு வருபவர் கே. ராமானுஜம் (1941–1973). திக்குவாயும் மனநோயும் சேர்ந்து உலகத்திலிருந்து விலக்கிவைத்த அவரைப் பணிக்கர்தான் பள்ளிக்குள் கொண்டுவந்தார். பிறகு சோழமண்டலமே வீடு. குவிமாடங்கள், பாலங்கள், யாளிகள், பறக்கும் பெண்கள், அவர்கள் நடுவே தொப்பி அணிந்த ஓர் ஆண் என அவருடைய மைக்கோட்டுப் படங்கள் வெளியுலகம் தராத அனைத்தையும் ஒரு நகரமாகக் கட்டின. அவர் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார். தொழிலோ சந்தையோ அவர் கலைக்கு விளக்கம் தராது. அவரை நாயகனாக்கி சி. மோகன் ஒரு நாவலே எழுதியிருக்கிறார்.

டி.கே. பத்மினி இன்னொருவர். பொன்னானிப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் சென்னை வந்து படித்து, 1969-இல், முப்பது வயதை எட்டுமுன்பே, பிரசவத்தில் மறைந்தார். ஆண்கள் நிறைந்த அந்த வகுப்பறைகளில் பெண்ணுடலை ஒரு பெண்ணாக நின்று வரைந்தவர். குன்றுச் சரிவுகள், கருத்த மாதர், பட்டம் விடும் சிறுமி என்று அவர் எடுத்துக்கொண்டவை தம் ஊரின் நிலமும் தம் உடலும்.

ஆர்.பி. பாஸ்கரனோ மரபுக்குத் திரும்பச் சொன்ன அறைகூவலையே சந்தேகித்தவர். பூனைகளையும், ஸ்டூடியோ திருமணப் படங்களின் விறைப்பில் அமர்ந்திருக்கும் தம்பதிகளையும் வரைந்தார். நடுத்தர வர்க்க வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் புகைப்படமும் ஒரு மரபுதானே என்ற குறும்பான வாதம் அதில் உண்டு.

கேரளத்தின் கூடல்லூரில் பிறந்த அச்சுதன் கூடல்லூர் (1945–2022) சென்னையில் பொதுப்பணித் துறைப் பொறியாளர். கலைப் பள்ளியில் முறையாகப் படிக்காமல், மெட்ராஸ் ஆர்ட் கிளப்பின் மாலை நேரப் பயிற்சி வழியாக வந்தவர். அளவும் திட்டமும் ஆளும் பகல் வேலைக்கு எதிர்த்திசையில் போனது அவருடைய அருவ ஓவியம். வரைபடம் இல்லை, முன்முடிவு இல்லை, சிவப்பும் நீலமும் தமக்குள் பேசி முடிவெடுக்கின்றன. வேலை தடம் பதிக்கும் விதங்களில் இப்படி எதிர்த்து நிற்பதும் ஒன்று.

மனோகர் தேவதாஸ் (1936–2022) பேட்டரி நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். விழித்திரை நோயால் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறுகிவந்தது. 1972-இல் நேர்ந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஆனாலும் வலுவான கண்ணாடியும் வெளிச்சமும் வைத்துக்கொண்டு, இளமைக்கால மதுரையின் கோபுரங்களையும் மண்டபங்களையும் தெருக்களையும் நுண்கோடுகளாக அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். குறுகும் பார்வையே அந்த நுணுக்கத்தைக் கோரியது. வரைவதற்கு முன் முழுக் கட்டடமும் மனத்தில் நின்றாக வேண்டியிருந்தது.

புதிய தலைமுறை, புதிய பொருள்

கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்த எஸ். இளையராஜா, கதவு வழியே விழும் வெளிச்சத்தில் நிற்கும் கிராமத்துப் பெண்களை அச்சு அசலாக வரைந்தார். விகடன் பக்கங்கள் வழியே அவை வீடுதோறும் போயின. மாநிறத்தையும் கறுப்பையும் அழகின் நடுவில் வைத்தது அவர் செய்த முக்கியமான காரியம். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியால் ஓவியமும் பதிப்போவியமும் கற்றுவிட்டுச் சாம்பிராணி, கிராம்பு, பட்டை முதலியவற்றால் உருவங்கள் வார்க்கிறார். கொச்சி பினாலேயில் அவருடைய கிறிஸ்தவ உருவங்களைக் காண்பதற்கு முன்பே அவற்றின் மணம் வந்துவிட்டது. வாசனைத் திரவிய வணிகமும் மதமும் ஒரே கப்பலில் வந்த வரலாறு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் தா. சனாதனனுக்குத் தூண்டுதல் இடப்பெயர்வு. 2011-இல் வெளியான அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூலுக்காக, வீடிழந்த எண்பது பேர் தங்கள் பழைய வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதைக் கட்டடக்கலை வரைபடமாக்கி, பக்கத்தில் தம் சித்திரத்தையும் வைத்தார். காலனி ஆட்சியின் நிலப்பதிவேட்டு வடிவத்தை எடுத்து, பதிவேட்டில் இல்லாதவற்றால் நிரப்பிய நூல் இது. தூண்டுதலைத் தனி மனத்தின் சொத்தாகப் பார்க்கும் வழக்கம் இங்கே அடிபடுகிறது; ஓவியரின் பங்கு பாதி, வீடிழந்தவரின் கைப்பங்கு பாதி.

இவர்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நம் கலை எழுத்தில் ஒரு பெரிய வெற்றிடம் தெரிகிறது. ஓவியர்களின் கண்காட்சிப் பட்டியலும் விருதுப் பட்டியலும் ஒழுங்காகக் கிடைக்கின்றன. எந்த மையத்தில் என்ன வடிவம் போட்டார்கள், எந்தத் துணிக்கு என்ன சாயம் ஏற்றினார்கள், எந்த அச்சகத்துக்கு எப்படிப் படம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் நண்பர்களின் பேச்சில் மட்டும் உயிரோடிருக்கின்றன. கித்தான்கள் ஏலத்துக்குப் போகின்றன; பாத்திக் துணிகள் கிழிந்து போய்விட்டன. சிறுபத்திரிகை அட்டைகளைப் பழைய புத்தகக் கடையில்தான் தேட வேண்டும். சென்னை ஓவியத்தின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் ஓவியர்களின் சம்பளப் பதிவேடுகளிலிருந்து தொடங்கினால், மரபு என்ற பெரிய சொல்லால் இதுவரை விளக்க முடியாத பலவற்றுக்கு விடை கிடைக்கும்.