திரைக்கு மேலே இரண்டு கண்கள்

குலசேகரத்திலிருந்து திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சந்நிதிக்கு ஓலைச்சூட்டு வெளிச்சத்தில் தாய்மாமனாகிய அம்மாவனின் பின்னால் நடந்துபோய், விடியுமட்டும் கதகளி பார்த்துவிட்டு, அவர் அப்படியே ரப்பர் பால் வெட்டக் கிளம்பிவிட, நான் மட்டும் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பிய உற்சவ நாட்களில், உத்தமர்களுக்குரிய பச்சை வேஷத்துத் தர்மபுத்திரர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். மனத்தில் தங்கியவன், கம்பீரமும் கொடுமையும் கலந்த கத்தி வேஷத்து இராவணன் ஒருவனே.

கல்லேக்குளங்கரை ராகவப் பிஷாரடியின் ‘இராவணோத்பவம்’ ஆட்டக்கதையில், இராவணன் தன் தவத்தை நடித்துக்காட்டும் தபஸாட்டத்தைச் சொல்கிறேன். பீடத்தில் அமர்ந்தபடியே பழைய கதையை நினைக்கிறான் இராவணன். தாயின் மடியில் உறங்கிக் கிடந்த பாலகன். மேலே குபேரனின் விமானம் போகிறது. சக்களத்தி மகனின் அந்த ஐசுவரியத்தைக் கண்டு தாய் அழுகிறாள். கண்ணீர் விழுந்து பிள்ளை விழிக்கிறான். தாயும் மகனும் ஒரே நடிகர்தான். விம்முகிற தாயின் உதடு அடங்குவதற்கும், ஈரம் பட்ட பிள்ளையின் புருவம் அசைவதற்கும் இடையில் ஒரு க்ஷணம் இருக்கிறதே, அங்கேதான் இலங்கை முழுவதும் பிறக்கிறது என்பேன். பிறகு அக்கினி வளர்ப்பதும், ஒன்பது தலைகளை அறுத்து இடுவதும், அப்போதும் வராத பிரம்மாவின்மீது மூண்ட ஆத்திரத்தில் பத்தாவது தலைக்கு வாளோங்குவதும் எல்லாம் அந்தத் துளிக் கண்ணீரின் வியாக்கியானமே. பக்தனின் தபஸா இது? வரம் கொடுக்கிறவனையே மிரட்டுகிற தபஸ்!

தக்கலை நண்பர் ஒருவர், ‘நளசரிதம்’ ஆட்டக்கதையை விட்டுவிட்டு இந்த அலறலில் என்ன ரஸம் கண்டீர் என்று இன்றும் கேட்பார். இங்கிலீஷ் படித்தவர்களோ மில்டனின் சாத்தானைக் காட்டி, எல்லாம் அங்கேயே இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அந்தச் சாத்தானுக்காக அழ ஒரு தாய் இல்லை. இராவணனையே நாயகனாக்கிய புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ (1946) 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல்தான் விடுதலை பெற்றது. அந்தத் தடை அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குற்றமே இல்லாத உத்தமனாக அவனை ஆக்கிவிட்டபின், பச்சை வேஷத்துக்கும் அவனுக்கும் என்ன பேதம்? முகத்தில் பச்சையும் வேண்டும், அதைக் கிழித்துக்கொண்டு சிவந்த கத்தியும் வேண்டும், கம்பீரத்தைச் சற்றே பரிகசிப்பதுபோல மூக்கு நுனியில் அந்த வெள்ளை உருண்டையும் வேண்டும்.

இப்போதெல்லாம் மூன்று மணி நேரத்தில் ஆட்டம் கலைகிறது. திரையைப் பிடிக்கிறவர்களுக்கே பொறுமையில்லை, பட்டென்று தாழ்த்திவிடுகிறார்கள். திரையின் விளிம்புக்கு மேலே, எண்ணெய் விளக்கின் சுடருக்கு நேராக, சுண்டப்பூ இட்டுச் சிவந்த கண்கள் மெல்ல எழும்பும் அழகு, மின்விளக்கின் வெள்ளத்தில் எப்படித் தெரியும்?

கதகளி ஆசான் செங்ஙன்னூர் ராமன் பிள்ளையின் சீடரும், அந்தப் பழைய தலைமுறை நடிகருமான மடவூர் வாசுதேவன் நாயர், 2018 பிப்ரவரியில், 88-ஆம் வயதில், அஞ்சலுக்கு அருகே அகஸ்தியக்கோடு மகாதேவர் கோயிலில் ‘இராவண விஜயம்’ ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து உயிர் நீத்தார். பத்திரிகையில் அதைப் படித்த அன்று முழுவதும், அந்த முகத்தைச் சுற்றி இட்ட வெள்ளைச் சுட்டி ஒப்பனையைக் கலைக்க யாருக்குக் கை வந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.