வெற்றியும் சமத்துவமும்: ஒரு திரைப்பட ஆராய்வு

குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருந்து காணத்தக்கது என்னும் பெயரைப் பெற்ற படங்களுள் ஒன்று, 2000 ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்ட 'ரிமெம்பர் த ரைற்றன்ஸ்'. போவாஸ் யாக்கின் நெறிப்படுத்திய இப்படத்துக்குக் கருவாய் அமைந்தது, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில் 1971 இல் நிகழ்ந்த உண்மை வரலாறு.

பாடசாலைகளில் நிறப்பிரிவினை கூடாதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1954 இலேயே தீர்ப்பளித்திருந்தது. பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், அந்நகரத்துப் பாடசாலைகள் மூன்றின் மேல்வகுப்பு மாணவர் ஒரே பாடசாலையிற் சேர்க்கப்பட்டனர். அனுபவம் மிக்க வெள்ளையரான பில் யோஸ்ற் இருக்க, கறுப்பினத்தவராகிய ஹேர்மன் பூன் உதைபந்தாட்டத் தலைமைப் பயிற்றுநரானார். (பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு அமெரிக்கர் இப்பெயர் இட்டது நமக்கு வியப்பே.) பூனாக நடிக்கும் டென்சல் வொஷிங்ரனின் மிடுக்கும் கடுமையும் படத்தைத் தாங்குகின்றன. இரவோடிரவாக மாணவரை ஓட்டிச் சென்று, 1863 இல் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த கெற்றிஸ்பேர்க் களத்தில் விடியும்வேளை அவர் நிறுத்தும் காட்சி எவர் நெஞ்சையும் உருக்கும்.

ஆயினும் ஒன்று உறுத்துகின்றது. ஓர் ஆட்டத்திலேனும் தோற்றால் பூன் விலக்கப்படுவார் என்பது படத்தில் வரும் நிபந்தனை. அஃது அநீதி என்பதைப் படம் உணர்த்தாமலில்லை. ஆனால் அதற்கு விடையாக வெற்றியையே தருகின்றது. குழு தோற்றிருப்பின் கறுப்பின மாணவரை வெள்ளையர் தோழராய் ஏற்றிருப்பரா? திறமையிற் சாதாரணரான கறுப்பினப் பயிற்றுநர் ஒருவருக்கு அந்நகரில் இடமிருந்திருக்குமா? இவ்வினாக்களைப் படம் அணுகவே அஞ்சுகின்றது.

மெய்யான குழு பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. இறுதியாட்டத்தில் எதிரணியை 27–0 என வீழ்த்தியது. படத்திலோ அவ்வாட்டம் கடைசிக் கணம்வரை இழுபறியாகின்றது. உண்மையில் எளிதாக வாய்த்த வெற்றியைக் கதாசிரியர் அரிதாக்கினார். தலைமுறை தலைமுறையாய் ஊறிய பகைமையோ சில கிழமைப் பயிற்சி முகாமிற் பெரிதும் கரைந்துவிடுகின்றது. சிறுவருக்கேற்ற படம் என்பதற்காக இத்துணை எளிமை வேண்டியதில்லை. யோஸ்றின் நான்கு புதல்வியரை ஒருத்தியாக்கியதைக் கதைவசதி என்று பொறுக்கலாம். இதனைப் பொறுத்தல் அரிது.

மிகச் சிறந்த பகுதி யோஸ்றைப் பற்றியதே. நடுவரின் சூழ்ச்சியை அவர் வெளிப்படையாக எதிர்த்து, தமக்குக் கிட்டவிருந்த பெரும் கௌரவத்தை இழக்கின்றார். அவரால் இழக்க முடிந்தது. இழந்தும் உயர்ந்து நிற்கும் அத்தகைய காட்சி ஒன்றைப் பூனுக்குக் கதாசிரியர் வைத்தாரில்லை.