பாதிச் சரணம் போதும்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய சினிமாப் பாட்டுக்கு அடையாளம் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பசறை, நமுனுகுல மலைகளுக்கிடையே ரேடியோ அலை அறுந்து அறுந்து வரும். பல்லவி தப்பி, சரணத்தில் பாதிதான் காதில் விழும். அவர்களுக்கு அது போதும்.

முதலில் குரல். உரக்கப் போகாமல் இழைந்தால் பி.பி.ஸ்ரீனிவாஸ், அப்படியானால் திரையில் பெரும்பாலும் ஜெமினி கணேசன். டி.எம்.சௌந்தரராஜன் என்றால் விசயம் நுட்பமாகும். எம்.ஜி.ஆருக்கு ஒருமாதிரி, சிவாஜிக்கு வேறுமாதிரி பாடுவார். சொல்லை அழுத்துவதிலேயே ஆளைப் பிடித்துவிடலாம். பிறகு இடையிசை. இசையமைப்பு விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று முடிவானால், இருவரும் 1965இல் பிரிந்ததால் காலமும் ஏறக்குறையக் கிடைத்துவிடும். (இதில் சண்டை வரும். கே.வி.மகாதேவன் கட்சி ஒன்று எப்போதும் உண்டு.)

இந்தப் பயிற்சி இலங்கை வானொலி கொடுத்தது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் காலத்தில் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களோடுதான் பாட்டு வரும். எழுத்து வாசிக்காதவர்களுக்கும் கண்ணதாசனும் மருதகாசியும் தெரிந்தவர்கள்.

இப்போது கைபேசியைக் காட்டினால் செயலி பெயர் சொல்கிறது. இரைச்சலில் அது திணறும்போதுதான் இஸ்தோப்பிலிருந்து (வீட்டுத் திண்ணையிலிருந்து) குரல் வரும்: “ஜிக்கி இல்லடா தம்பி, ஜமுனாராணி!”