சிறுபான்மை இவ்வாறும் வரும்

நச்சினார்க்கினியர் உரையை நடத்தும்போது மாணவிகள் ஒரு சொல்லருகே நின்றுவிடுவார்கள். விதியைச் சொல்லி, அதற்குரிய வழக்குகளைக் காட்டி முடித்தபின், சிறுபான்மை இவ்வாறும் வரும் என்ற பொருளில் உரையாசிரியர் வேறொன்றையும் காட்டுவார். "சிறுபான்மைன்னா மைனாரிட்டிதானே அம்மா, அது இலக்கணத்துல எதுக்கு வருது?" என்று ஒருத்தி கேட்பாள். வாக்குப்பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சொல் நம்மிடம் இருந்தது. அங்கே அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல; ஒரு வழக்கு எவ்வளவு அருகி வருகிறது என்பதன் குறிப்பு. அருகி வருவது பிழையாகாது. சங்கப் பாட்டில் ஓரிடத்தில் வந்திருந்தால் போதும், உரையாசிரியர் அதற்கு இடம் ஒதுக்கிவிடுவார்.

பிழை என்று சொல்லிக்கொண்டே ஏற்றுக்கொள்வது வேறு. அதற்கு வழுவமைதி என்று பெயர். பசுவை அம்மை என்று சொல்லி, 'வந்தாள்' என முடிப்பது வகுப்பறையில் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு. தவறுதான், ஆனால் உவப்பினால் சொன்னதால் பொறுத்துக்கொள்ளலாம். நன்னூல் அடுக்கும் காரணங்களைப் பாருங்கள்: உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு. அத்தனையும் சொல்பவரின் மனநிலை. பசுவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. சொல்பவருக்கு நாளை மனம் மாறினால் அது மறுபடியும் 'வந்தது' ஆகிவிடும்.

இந்த வேறுபாட்டை நான் இருபது வருடமாக நடத்துகிறேன். அதன் பொருள் எனக்கு உறைத்தது வகுப்பறையில் அல்ல, ஒரு கமிட்டிக் கூட்டத்தில்.

2014, பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். அப்போது நான் பணியாற்றிய கல்லூரியின் பெண்கள் விடுதியில் இருந்து ஒரு மனு வந்தது. ஓர் அறையில் தங்கியிருந்த இரண்டு மாணவிகளை வெளியேற்ற வேண்டும் என்று இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த இருவர் செய்த குற்றம் என்ன என்று மனுவில் ஒரு வரிகூட இல்லை. 'எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது' என்றும், 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்றும் மட்டும் இருந்தது. விசாரிக்க அமைத்த ஐவர் குழுவில் ஐந்து பேரும் பெண்கள். நானும் ஒருத்தி. "இத்தனை பேர் சொல்றாங்களே, நாம என்ன பண்ண முடியும்?" என்று ஒரு மூத்த பேராசிரியை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கையெழுத்துகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். இருவரையும் தனித்தனி அறைகளுக்கு மாற்றுவது, பெற்றோரை வரவழைப்பது என்று முடிவானது. வெளியேற்றவில்லையே என்று எங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். பெற்றோர் வந்த அன்று மாலையே ஒருத்தி பெட்டியுடன் போய்விட்டாள். பட்டத்தை முடிக்கவில்லை.

மனுவில் சொன்ன அந்தத் தீர்ப்பை அதற்குப் பிறகுதான் தேடி எடுத்துப் படித்தேன். சுரேஷ் குமார் கௌஷல் வழக்கு, 2013 டிசம்பர் 11. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, மனம் ஒப்பிய வயதுவந்தோரின் தனிப்பட்ட உறவுக்குப் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்துசெய்தது. சட்ட வாதங்களை விட்டுவிட்டு ஒரு பிரதியாக வாசித்தால், அந்தத் தீர்ப்பு ஓரிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் மிக நுண்ணிய ஒரு பின்னம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு, ஆகவே இதை வைத்துப் பிரிவைச் செல்லாததாக்க முடியாது என்கிறது. வேண்டுமானால் நாடாளுமன்றம் நீக்கிக்கொள்ளலாமாம். நாங்கள் கையெழுத்துகளை எண்ணினோம். அவர்கள் வழக்குகளை எண்ணியிருக்கிறார்கள். வழக்குப் பதியாமலே மிரட்டிப் பணம் பறித்த காவலர்களும், இந்தப் பிரிவைச் சொல்லிப் பயமுறுத்திய குடும்பங்களும் இருநூறுக்குள் எப்படி வரும்?

நாடாளுமன்றமும் எண்ணிப் பார்த்தது. 2015 டிசம்பரில் சசி தரூர் இந்தப் பிரிவைத் திருத்த ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அறிமுகப்படுத்தவே அனுமதி கிடைக்கவில்லை: எதிர்த்து 71 பேர், ஆதரித்து 24 பேர். 543 இடங்கள் கொண்ட அவையில் இவ்வளவுதான் அன்றைய பெரும்பான்மை.

பெரும்பான்மை ஆட்சியை நான் மறுக்கவில்லை. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம் என்பதால்தான் நாம் அதற்குக் கட்டுப்படுகிறோம். அந்த இரண்டு பெண்களும் எந்த விடுதியில், எந்தத் தேர்தலில் பெரும்பான்மை ஆக முடியும்? 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இந்த முடிச்சைத்தான் தொட்டார். இந்தியாவில் பெரும்பான்மை என்பது அடிப்படையில் அரசியல் பெரும்பான்மை அல்ல, சமூகப் பெரும்பான்மை என்றார். கருத்தால் சேர்ந்த கூட்டம் கலையும். பிறப்பால் சேர்ந்தது கலையாது. அரசியலமைப்பு ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, பழகிக்கொள்ள வேண்டியது என்று அவர் சொன்னதும் அதே உரையில்தான். அவர் உயிர்நாடி என்று கருதிய 32ஆவது உறுப்பின்படி, அடிப்படை உரிமை பறிபோன ஒரே ஓர் ஆள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். கூட எத்தனை பேர் என்று அங்கே கேட்கக்கூடாது. ஒரே ஒரு பாட்டில் வந்த வழக்குக்கு உரையாசிரியர் தரும் மதிப்பும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பெண்ணியவாதிகளான நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் மேடையேறினால் முதலில் சொல்வது 'நாம் பாதிப்பேர்' என்பதைத்தான். 2021இல் தேர்வான தமிழகச் சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12 பேர் என்று நானும் எத்தனையோ கூட்டங்களில் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கோபம் சரியானது. ஆனால் எண்ணிக்கைதான் நம் நியாயம் என்றால், 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள் என்றபோது நம் உரிமையும் 57 குறைந்ததா? அந்த விடுதியில் இருநூறு பேரும் பெண்கள், கமிட்டி பெண்கள், காப்பாளர் பெண். ஆணாதிக்கம் என்று கைகாட்ட அந்த அறையில் ஓர் ஆண்கூட இல்லை. ஆணாதிக்கம் இல்லாமலும் இல்லை.

மரபிலக்கணத்தைப் பற்றி நான் பெருமை மட்டும் பேசினால் அது நேர்மையல்ல. ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே பேசுகிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்கிறது, ஆனால் உயர்திணையிலேயே வைக்கிறது. பின்னால் வந்த நன்னூல், அவர்கள் அஃறிணை போலவும் வருவார்கள் என்று ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. காலம் முன்னே போவதால் இலக்கணமும் முன்னே போய்விடாது. நீதிமன்றங்களும் அப்படித்தான்: 2009இல் ஒரு படி ஏறி, 2013இல் இறங்கி, 2014 ஏப்ரலில் நால்சா வழக்கில் திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்று மறுபடியும் ஏறின. 2017இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு, எண்ணிக்கையைக் காட்டி உரிமையை மறுத்தது பிழை என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பு கௌஷலை முழுவதுமாகத் தள்ளியது. வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதிய நீதிபதி இந்து மல்ஹோத்ரா. அதே மாதம் சபரிமலை வழக்கில், பெண்களை அனுமதித்த நால்வருக்கு எதிராக மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அந்த அமர்வின் ஒரே பெண்ணான அவர்தான். அமர்வில் ஒரு பெண் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் சுஷ்மா வழக்கு வந்தது. மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் தானே ஓர் அமர்வுக்குச் சென்ற பிறகுதான் தீர்ப்பெழுதினார். எங்கள் ஐவருக்கும் தோன்றாத காரியம் அது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழக அரசு இவர்களை மரியாதையாகக் குறிக்கும் சொற்பட்டியலை 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் ஓர் அடிப்படை உரிமை அல்ல, தன்பால் இணையருக்கான திருமணச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 71க்கு 24 என்று எண்ணிய அதே அவை.

அந்தப் பட்டியலை இப்போது வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். போன பருவத்தில் ஒரு மாணவி அதைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் வழுவமைதியா அம்மா, இல்ல சிறுபான்மையா?" என்று கேட்டாள். சிறுபான்மை என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எங்கள் பழைய மனுவின் நகல் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. முடிவுக்குக் கீழே ஐந்து கையொப்பங்கள், நான்காவது என்னுடையது. அதை நான் அவளுக்கு இன்னும் காட்டவில்லை.