யார் கையில் விட்டுப் போகிறோம்?

இலங்கையில் ஜனவரி 31ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாம் தரத்தில் சேரலாம். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1ஆம் தேதிக்குள் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025-26ஆம் கல்வியாண்டுக்கு மட்டும் ஐந்து வருஷம் ஐந்து மாதம் போதும் என்று தளர்த்தினார்கள். பேறுகால விடுப்போ இந்தியாவில் 26 வாரம், இலங்கையில் 84 நாள். ஆக, வேலைக்குப் போகும் கொழும்புத் தாய்க்குக் குழந்தையின் மூன்று, நான்கு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஒரு கவலை இருக்கிறது. பெங்களூர்த் தாய்க்கு அதே கவலை ஆறு மாதத்தில் தொடங்கி ஆறு வயதுவரை நீள்கிறது. பகல் பொழுதில் பிள்ளையை யாரிடம் விடுவது?

பெங்களூரில் இந்தக் கேள்விக்குப் பதில் வருமானத்தைப் பொறுத்து மாறுகிறது. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பலருக்கு அலுவலக வளாகத்திலேயே டே கேர் உண்டு. 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்றது; தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. நடுத்தரக் குடும்பத்துக்குத் தெருவுக்கொரு ப்ளே ஹோம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரின் பின்சந்துகளிலும் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கன்வாடிதான். நம்மவர்கள் இன்னமும் பால்வாடி என்றே சொல்கிறார்கள்.

அங்கன்வாடியைக் குறைத்துப் பேசுவது இந்த ஊரில் படித்தவர்களின் பழக்கமாகிவிட்டது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. கர்நாடகத்தில் முதலில் வந்தது மைசூர் மாவட்டத்து டி.நரசிபுரத்தில். இன்று மாநிலத்தில் 65,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. மூன்று வயது நிறைந்த பிள்ளைக்குச் சூடான சாப்பாடு, முட்டை, 2013இல் தொடங்கிய க்ஷீர பாக்யா திட்டத்தில் பால், எடை பார்த்துக் குறித்து வைக்கும் ஒரு நோட்டு, கூடவே பாட்டும் கதையும். ஒரு ரூபாய் வாங்காமல் இவ்வளவையும் தருகிற இடம் நகரத்தில் வேறு எது? 2024இல் பெங்களூரில் 250 அங்கன்வாடிகளை அரசு மாண்டிசோரி என்று மாற்றி எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். தனியார் நர்சரிக்குப் பிள்ளைகள் ஓடிப்போவதைத் தடுக்க வேறு வழி இல்லை என்று அரசு நினைத்திருக்கலாம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி சத்துணவைப் பொட்டலமாகக் கொடுத்து அனுப்புகிறது, பகலெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடிவதற்கு முன்பே அது பூட்டப்பட்டுவிடும். தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. ஆனால் நெரிசல் பஸ்ஸில் ஒரு மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் வருவாள்? காப்பகம் ஆலையில் இருக்கிறது, குழந்தை ஊரில் பாட்டியிடம் இருக்கிறது. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துக்கு ஊர்விட்டு வரும் இலங்கைப் பெண்களின் நிலையும் இதுதான்.

இலங்கை அரசு குழந்தையிடம் வேறு வாசல் வழியாக வருகிறது. அங்கே குடும்ப நல உத்தியோகத்தர் என்ற மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்கிறார். எடை குறைந்தால் கிளினிக்கில் திரிபோஷ என்ற சத்து மா கிடைக்கும். 1973இலிருந்து அந்த மாவைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் உடம்பைப் பொறுத்தவரை அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஈடு சொல்ல நம்மிடம் அதிகம் இல்லை. ஆனால் மூன்று வயதில் முன்பள்ளி என்று வரும்போது அரசு ஒதுங்கிக்கொள்கிறது. பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி தரும் நாடு முன்பள்ளியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் முன்பள்ளி மேற்பார்வையை மாகாண சபைகளிடம் விட்டது. நடத்துபவர்கள் பெரும்பாலும் தனியாரும், கோயிலும், தேவாலயமும், ஊர்ச் சங்கங்களும்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையத்தை ஒட்டியே முன்பள்ளி இருக்கும். விஜயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை, ஜனவரியில் அங்கே போய் உட்காரும். ரீச்சர் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்; பிள்ளையின் அம்மம்மாவையும் அவருக்குத் தெரியும். நிர்வாகத்தில் இருப்பவர்களும் அந்த ஊர்ப் பெற்றோர்தான். பிள்ளை அழுதால் யார் காரணம் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சிசிடிவி காட்சியைச் செல்போனில் பார்த்துப் பார்த்து நிம்மதி தேடும் பெங்களூர்ப் பெற்றோருக்கு இந்த நெருக்கம் கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த முன்பள்ளி அரைநாள்தான். மதியத்துக்கு மேல் வீட்டில் அம்மம்மா இருக்க வேண்டும். அம்மம்மா கனடாவுக்குப் போய்விட்ட வீட்டில் அந்த ஏற்பாடு நிற்காது.

கைக்குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இலங்கையில் பல தலைமுறையாக இருப்பது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில்: மலையகத் தேயிலைத் தோட்டங்களில். பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்து மக்களின் சொல். கொழுந்து பறிக்கப் பெண்ணின் கை வேண்டும். அந்தக் கை குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தால் கூடை நிறையாது. அதனால் தோட்டத் துரைமார் ஒரு அறை ஒதுக்கி, ஒரு ஆயாம்மாவை வைத்து, தொட்டில் கட்டவிட்டார்கள். இடையில் தாய் வந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புவாள். 1992இல் உருவான, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பு வந்த பிறகு, அவற்றில் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. ஆயாம்மாவின் இடத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். வசதி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இருந்தாலும் நாட்டில் மிகக் குறைந்த கூலி வாங்குபவர்களில் ஒருத்தியான தாய்க்குக் கிடைத்தது, கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் தாய்க்குக் கிடைக்கவில்லை.

1969இல் டெல்லி ராஜ்காட் கட்டுமான இடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். செங்கல் குவியலுக்கு நடுவே கிடந்த குழந்தைகளைக் கண்டு தொடங்கியது அது. அங்கே இரக்கம் முதலில் வந்தது; காப்பகம் வேண்டும் என்ற கட்டடத் தொழிலாளர் சட்டம் 27 வருஷம் கழித்து 1996இல்தான் வந்தது. தோட்டம், ஆலை, கட்டுமானம் என்று பெண்கள் ஒரே முதலாளியின் கீழ் கூட்டமாக வேலை செய்யும் இடத்துக்குத்தான் சட்டம் எட்டுகிறது. பெங்களூர் அப்பார்ட்மெண்ட்களில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரே முதலாளி இல்லை, ஐந்து வீடு இருக்கிறது. எந்தச் சட்டத்தின் எண்ணிக்கைக்குள்ளும் அவள் வருவதில்லை. மற்றவர் பிள்ளைக்குச் சோறூட்டும் அவள், தன் பிள்ளையை எட்டு வயது அக்காவிடம் விட்டு வருகிறாள். அந்த அக்கா பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள். என்னைக் கேட்டால், இந்த நகரத்தின் மிகப் பெரிய குழந்தைப் பராமரிப்புப் பிரச்சினை இதுதான். நம் ப்ளே ஹோம் தேர்வு அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தத் தேர்வில் பெற்றோர் முதலில் பார்ப்பது பலகையை. மாண்டிசோரி என்று எழுதியிருந்தால் திருப்தி. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, 1944இல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி கொடுத்தவர். அதனால் இரண்டு நாட்டிலும் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. கொழும்பில் எந்த முன்பள்ளியையும் மொண்டிசோரி என்றே சொல்பவர்கள் பலர். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் இல்லை. ஆசிரியை எங்கே, எத்தனை மாதம் பயிற்சி பெற்றார் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பெங்களூர்த் தமிழருக்கு மொழிக் கவலையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ப்ளே ஹோமில் ஆங்கிலம். கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னடம் படித்தாக வேண்டும். அங்கன்வாடியில் மூன்று வயதிலேயே கன்னடப் பாட்டுப் பாடும் பிள்ளைக்கு அது சுமையாக இராது. வீட்டில் தமிழ் பேசுவதை நாம் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்று உண்டு: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு உருப்படியான சம்பளம் கொடுப்பதில்லை. இந்தியாவில் அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கு மதிப்பூதியம் என்று பெயர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. அதைப் பெற 2023 ஜனவரியில் பெங்களூர் ஃப்ரீடம் பார்க்கில் அவர்கள் குளிரில் படுத்துப் போராட வேண்டியிருந்தது. இலங்கையில் போருக்குப் பின் வன்னியில் பல முன்பள்ளிகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியது. பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள துறைக்கு மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன வேலை என்று தமிழர்கள் எதிர்த்தார்கள், நியாயமான எதிர்ப்பு. ஆனாலும் சம்பளத்துக்காக ஆசிரியைகள் அங்கே போனார்கள். ஊர் முன்பள்ளி கொடுத்த சில ஆயிரம் ரூபாயில் அவர்களால் குடும்பம் நடத்த முடியவில்லை. நம் ப்ளே ஹோம் ஆயாம்மாக்களும் ஆறு மாதத்துக்கு ஒரு இடம் மாறுவது இதனால்தான். ஒரு வயதுக் குழந்தைக்கு முகம்தான் எல்லாம். அது மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் பாடத்திட்டமும் உதவாது.

அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது ஏ.சி.யையும் ஸ்மார்ட் போர்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கழுவிவிடப் போகிற ஆயாம்மாவின் பெயரைக் கேளுங்கள். அவர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், மாதம் எவ்வளவு வாங்குகிறார், அவர் பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். உங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு அறை சும்மா கிடந்தால், அங்கே வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்கு அதைத் திறந்துவிடச் சொல்லி அசோசியேஷன் கூட்டத்தில் கை தூக்குங்கள்.