மரப்பாலும் அதற்குரிய வினைகளும்: மலேசியத் தமிழ்ப் புனைவை முன்வைத்து

மரத்தினின்று வடிவன அனைத்தையும் ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் தமிழில் இல்லை. வெண்மையாய் வடிவது பால். கசிந்து இறுகுவது பிசின். புகைக்கு உரியவை குங்கிலியமும் சாம்பிராணியும். பனம்பாளையின் நீர் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாவிடில் கள். மலாய்மொழியில் சாம்பிராணிக்குக் 'கெமெஞான்', பாளைநீருக்கு 'நீரா' எனத் தனிப்பெயர்கள் உண்டு. எனினும் மரப்பால், ஒட்டும் பிசின், ரப்பர் ஆகிய மூன்றையும் 'கெத்தா' என்னும் ஒரு சொல்லே தாங்கி நிற்கின்றது. மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் சாம்பிராணியும் கெமெஞானும் எளிதில் இடம் மாறிக்கொள்ளலாம். பாலும் கெத்தாவும் அவ்வாறு மாறா. தமிழில் பால் என்றவுடன் தாயும் பசுவும் உடன் வந்துவிடுகின்றனர்.

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்த ஹீவியா கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் நாட்டு மரமாயினும், பின்னர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் அதனை அயலாகக் கருதவில்லை. கள்ளிப்பால், எருக்கம்பால், ஆலம்பால் என்னும் பழைய வரிசையில் வைத்துப் 'பால்மரம்' என்றே அழைத்தனர். அகிலன் தம் மலேசிய நாவலுக்குப் 'பால்மரக்காட்டினிலே' எனப் பெயரிட்டதும் இவ்வழக்கைத் தழுவியே.

இப்பெயரிலிருந்து ஓர் உருவகம் கிளைத்தது. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் மரத்தின் பாலுக்குச் செல்லும் தாய்; தன் பாலை வழங்கும் மரத்தாய். தோட்டப் புனைவை மதிப்பிடும்போது நாம் இவ்வொப்புமையைச் சற்று மிகுதியாகவே பாராட்டி வந்துள்ளோம் என்று தோன்றுகின்றது. பெயர்ச்சொல்லை மட்டும் நோக்கியதன் விளைவு இது. வினையை நோக்கினால் வேறொன்று புலப்படும்.

பசுவின் பாலைக் கறக்கின்றோம், கள்ளை இறக்குகின்றோம், சாற்றைப் பிழிகின்றோம். பால்மரத்திற்குக் 'கறத்தல்' என்னும் வினையைத் தோட்டத்தமிழ் ஏற்கவில்லை. அங்கே வழங்கியது 'பால்வெட்டு'. மலாய்மொழியும் 'மெனோரே கெத்தா' எனக் கீறுதலையே கூறுகின்றது. பட்டையிலுள்ள பாற்குழல்களை அறுக்க வேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொட்டால் மரம் காயப்படும், புதுப்பட்டை சீராக வளராது. வெயில் ஏறினால் ஒழுக்குக் குறையும். பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனில் வருமானமும் இல்லை. மங்கில் தானே உறைந்தது கட்டிப்பால், வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால். இவையும் நிறுக்கப்பட்டன. இச்சொற்களுள் தாய்மையின் சாயல் எதனிலும் இல்லை. கத்தியும் தராசுமே உள்ளன.

எனவே, உருவகத்தைத் தொழிலாளரின் உணர்வாக வாசிப்பதில் தயக்கம் தேவை. அஃது எழுத்தாளரின் ஆக்கம். பல இடங்களில் நல்ல ஆக்கமும்கூட. ஆனால் மரம் மனமுவந்து வழங்குவதாகக் காட்டும்போது, அளவு குறைந்தால் கூலியும் குறையும் என்னும் கணக்குக் கதையிலிருந்து நழுவிவிடுகின்றது.

ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வளரும் மாணவர் பால்மரத்தை இலக்கியப் பாடத்திலேயே முதன்முதலில் சந்திக்கின்றனர். ஆசிரியர் அங்கு 'உருவகம்' என்று குறித்துவிட்டு நகர்வது எளிது. அதற்கு முன், 'இப்பாலை என்ன செய்தார்கள்?' என்று வகுப்பில் வினவலாம். பால்வெட்டிய முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் சொற்களைத் திரட்டும்போது பெயர்களை மட்டும் பதிவு செய்தல் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதற்குரிய வினையையும் எழுதிக்கொள்ள வேண்டும்.